பொகை குடிச்ச கிடாரு

என்ற தம்பி சின்னுசாமியப் பத்தி ஊருக்குள்ள ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. பாதி பொய்யி. மீதி நான் கோவத்துல சொன்னது. அதனால நானே ஒருக்கா நேராச் சொல்லிப்போடறேன்.

அவன் எனக்கு எட்டு வருசம் இளையவன். இப்ப அவனுக்கு அறுவது. கல்யாணம் ஆகல. மலைமேல ஆலத்தூர் நாட்டுல ரோட்ட விட்டு எறங்கித் தடத்துல கால் மணி நேரம் நடந்தா பன்னெண்டு ஊடு வரும். கடைசி ரெண்டு ஊடு எங்களுது. ஒண்ணுல நானு, ஒண்ணுல அவன். என்ற ஊட்டுக்காரன் மொளகு பறிக்க சில்வர் ஓக்கு மரத்துல ஏறுனான், ஏணி வழுக்கி விழுந்தான், செத்தான். பத்தொம்பது வருசமாச்சு. புள்ளைகுட்டி இல்ல. அன்னிக்கி அப்பன் ஊட்டுக்கு வந்தவதான், இன்னும் திரும்பிப் போகல. போனா மட்டும் அங்க யாரு எனக்கு ஆலாத்தி எடுக்கப்போறா?

சின்னுசாமி பதினாறு வயசுல மலையெறங்குனான். மரவள்ளிக்கெழங்கு லோடு ஏத்திக்கிட்டுப் போன லாரியிலயே ஏறிப் போனவன், கீழ சேந்தமங்கலத்துல ஒரு ரேடியோ செட்டுக் கடையில ஒட்டிக்கிட்டான். சத்தக் கொழாய் கட்டறது, பொட்டி தூக்கறது, ஒயரு சுத்தறது. கடைக்காரரு ஒரு ஆர்கெஸ்ட்ராவும் வெச்சிருந்தாரு. ஊரூராப் போயி கோயில் நோம்பிக்குப் பாட்டுக் கச்சேரி நடத்தற கும்பலு. ஒரு ஊர்ல, பேஸ் கிடார் வாசிக்கறவன் குடிச்சுப்போட்டு மேடைக்குப் பின்னால சாக்கு விரிச்சுப் படுத்துட்டான். எழுப்புனா எந்திரிக்கல. பொட்டி தூக்கற எந்தம்பி எடுத்து மாட்டிக்கிட்டு நின்னுட்டான். எப்படிடா பழகுனேன்னு கேட்டதுக்கு, "தினமும் பாக்கறனே அக்கா, பாத்தா வராதா?"ன்னான். அதுக்கப்பறம் இருவத்தஞ்சு வருசம் அந்தக் கும்பலுக்கு அவன்தான் பேஸு.

பேஸ் கிடார்ன்னா என்னான்னு எனக்கும் தெரியாது, அவன் சொல்லித்தான் தெரியும். மத்த கிடார்ல ஆறு கம்பி, இதுல நாலு. ஒவ்வொண்ணும் சைக்கிள் பிரேக்கு ஒயரு தண்டி. கரண்ட் ஒயரு சொருகுனாத்தான் சத்தம். அது பாடாது. பாட்டுக்கு அடியில டும்மு டும்முன்னு நடந்துக்கிட்டே இருக்கும். "அப்ப அது எதுக்குடா?"ன்னேன். "ஊட்டுக்கு அஸ்திவாரம் எதுக்கு?"ன்னான். "எங்கூட்டுக்கு அஸ்திவாரமே இல்ல, நிக்கலையா?"ன்னு கேட்டேன்.

அவன் பொழப்புல ஒரே ஒரு கொறை. வாசிச்சதெல்லாம் மொதலாளியோட கிடாரு. சொந்தமா ஒண்ணு இல்ல. அதுவும் வாசிச்சதெல்லாம் கீழ் நாட்டுல. அந்தக் கும்பலு ஒரு நாளும் மலையேறல. மேல ரேடியோ செட்டு மட்டுந்தான் வரும். அதோட இவனும் வருவான், கொழாயக் கட்டுவான், பொட்டிய எறக்குவான். எங்கூரு சனம் கண்டது அது மட்டுந்தான். "ஆர்கெஸ்ட்ராவுல நான் பேஸுங்க"ன்னு இவன் சொன்னா, "பேஸா? நம்மகிட்ட பேசவே மாட்டீங்கறே, அங்க என்ன பேசறே?"ன்னு சிரிப்பாங்க. பொண்ணு கேட்டுப்போன எடத்துல, "பொட்டி தூக்கறவனுக்கெல்லாம் குடுக்க முடியாதுங்க"ன்னு மொகத்துக்கு நேராச் சொன்னாங்க. மூணு எடம். மூணுக்கும் நானும் போயிருந்தேன். நாலாவது எடத்துக்கு அவனே வேண்டாம்ன்னுட்டான்.

அப்பறம் கீபோர்டு வந்துச்சு. அதுலயே எல்லாம் வருதாம், கொட்டுச்சத்தம், நாயனச்சத்தம், பேஸுச்சத்தம். பழைய மொதலாளி செத்து மகன் செல்வம் கும்பல எடுத்தான். இருந்த பேஸ் கிடார வித்துப்போட்டான். சின்னுசாமி மலையேறி வந்துட்டான். ஏழு வருசம் ஆச்சு. மொளகு, கொஞ்சம் காப்பி, கெழங்கு. கை சும்மா இருக்கறப்ப வேலி மூங்கில விரலால தட்டிக்கிட்டு நிப்பான். பாக்கறவங்களுக்குக் கிறுக்கு மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

போன வருசத்துக்கு முந்துன வருசம் ஊர்க்கூட்டத்துல, "வார தைக்கு மாரியாயி நோம்பிக்கு கீழயிருந்து ஆர்கெஸ்ட்ரா கூட்டியாரலாம்"ன்னு பேசுனாங்க. ரோடுதான் நல்லாப் போட்டாச்சே, வேன் வரும். செல்வத்தோட கும்பலையே பேசி முடிச்சாங்க. இவன் அன்னிக்கே செல்வத்துக்குப் போன் போட்டான். நானும் பக்கத்துல உக்காந்து செல்வம் பேசறதக் கேட்டுக்கிட்டிருந்தேன்.

"அண்ணா, இப்பெல்லாம் கீபோர்டுலயே பேஸு வந்துருதுங்ண்ணா. எங்ககிட்ட கிடாரும் இல்ல. உங்கூரு மேடை, நான் வேண்டாம்ன்னு சொல்லல. சொந்தக் கிடார் இருந்தா கொண்டுட்டு வந்து நில்லுங்க."

போன வெச்சுட்டு என்னப் பாத்தான். "அக்கா, ஒருக்கா நம்மூருக்காரங்க முன்னால நின்னு வாசிச்சுப்போடணும். ஒரே ஒருக்கா. அப்பறம் செத்தாலும் சரி."

"சாகறதுன்னா கிடார் எதுக்குடா, அது இல்லாமயே சாகலாம்"ன்னேன்.

புதுக் கிடார் கடையில கெடைக்கும். இவனுக்கு வேண்டாமாம். இப்ப வாரது லேசுக் கட்டையாம், சத்தத்துல சதை இல்லையாம். சேலத்துல அர்த்தனாரி மாஸ்டர்ன்னு ஒருத்தரு, இவன் காலத்துல பெரிய வாசிப்புக்காரரு. அவரு செத்துட்டாரு, அவருகிட்ட இருந்த ஜப்பான் கிடார அவரு சம்சாரம் விக்கப்போறாங்கன்னு யாரோ சொன்னாங்க. அம்பது வருசத்துக் கிடாராம். "ஒரு நாளு அவரு பக்கத்துல நின்னு பாத்திருக்கேன் அக்கா. தொட உடல"ன்னான். சொல்றப்பக் கொழந்தையாட்டம் கண்ண விரிச்சுக்கிட்டான்.

"பொம்பளை மட்டும் இருக்கற ஊடு, நீயும் வா"ன்னு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனான். எழுவது வளைவும் எறங்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு வாந்தி.

அந்தம்மா பேரு ராசம்மாள். என்ற வயசுதான் இருக்கும். காதுல தோடு இல்ல, நெத்தியில திருநீறு. காப்பி குடுத்தாங்க. உக்காந்ததும் என்னப் பாத்துக் கேட்டாங்க:

"உங்களுக்கு எத்தன வருசமாச்சுங்க?"

"பதினேழுங்க. மரத்துல இருந்து விழுந்துட்டான். உங்களுக்கு?"

"ஆறு. இவரு எதுல இருந்தும் விழல. நாற்காலில உக்காந்தபடியே போயிட்டாரு. அது ஒண்ணுதான் எனக்குத் தொந்தரவு குடுக்காமச் செஞ்சாரு."

எனக்கு அந்தம்மாளப் புடிச்சுப்போச்சு.

கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு நீளப் பொட்டிய இழுத்தாங்க. தொறந்தா, உள்ள செவப்புத் துணி விரிச்சு, பொணத்தக் கெடத்துன மாதிரி அது கெடக்குது. நடுவுல பழுத்த பலாச்சொளையாட்டம் மஞ்ச, ஓரம் போகப் போகக் கருஞ்செவப்பு, கடைசில அடுப்புக்கரி. ஒரு எடத்துல மட்டும் சாயம் தேஞ்சு வெறும் மரம் தெரியுது. மாஸ்டர் கட்டைவெரலு வெச்ச எடமாம். சின்னுசாமி அந்த எடத்துல தன்ற வெரல வெச்சான், ஒடனே எடுத்துட்டான்.

அப்பறம் அத எடுத்து, கலப்பைக்கு மேழி பாக்கற மாதிரி ஒரு கண்ண மூடிக்கிட்டு அதோட கழுத்து நெடுகப் பாத்தான். "நேரா இருக்குதுங்க. அம்பது வருசம் ஆகியும் ஒரு முடி கூட வளையல"ன்னான். திருப்பிப் பாத்தான். கம்பிக்கு அடியில இருக்கற பித்தளைப் பட்டைய ஒவ்வொண்ணா நகத்தால தடவுனான். ஆட்டுச் சந்தையில பல்லு புடிச்சுப் பாப்பாங்களே, அந்தக் கணக்கா.

ராசம்மாள் சொன்னாங்க: "பெங்களூர்ல இருந்து ஒருத்தரு போன் பண்ணிக்கிட்டே இருக்காரு. நீங்க சொல்றதுக்கு ரெண்டு பங்கு தாரேங்கறாரு. வாசிப்பீங்களான்னேன். இல்ல, பழசெல்லாம் சேக்கறேன், செவுத்துல மாட்டி வெப்பேன்னாரு. செவுத்துல மாட்டறதுக்கு எங்கூட்டுக்காரரு போட்டோவே இருக்குதே, இது வேறயா? நீங்க வாசிச்சுக் காட்டுங்க. புடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க."

மூலையில ஒரு சின்ன சத்தப்பொட்டி இருந்துச்சு. சொருகுனான். மொதல்ல கரகரன்னுச்சு. "தூசிதானுங்க, தொடச்சாப் போயிரும்"ன்னான். அப்பறம் வாசிச்சான். எனக்கு அதுல பாட்டுன்னு ஒண்ணும் தெரியல. டும்மு, டும்டும்மு. ஆனா காப்பி டம்ளர் தட்டு மேல தானா நவுந்துச்சு. நான் உக்காந்திருந்த நாற்காலிக்குள்ள யாரோ உறுமுன மாதிரி இருந்துச்சு. ராசம்மாள் கண்ணத் தொடைக்கல, ஒண்ணும் பண்ணல. எந்திரிச்சுப் போயி பொட்டியோட சாவியக் கொண்டாந்து என்ற கையில குடுத்தாங்க.

"நீங்கதான் அக்காவா? நல்லாப் பாத்துக்கங்க"ன்னாங்க. அவங்க அவன்கிட்டச் சொல்லல. என்கிட்டத்தான் சொன்னாங்க.

மொளகு வித்து வெச்சிருந்ததெல்லாம் அதுக்கும் அந்தச் சத்தப்பொட்டிக்கும் போச்சு. போகட்டும்.

ஆனியில வாங்குனான். ஆடி, ஆவணி, பொரட்டாசி மூணு மாசமும் பொழுது சாஞ்சா அவன் ஊட்டுல டும்மு டும்மு. அத்தாயின்னு எங்க எதுத்தூட்டுக்காரி, "உங்க தம்பி ஊட்டுல என்ன பாவாயிக்கா, மாவு இடிக்கறாங்களா?"ம்பா. "ஆமா, உன்ற மண்டைய வெச்சு இடிக்கறான்"ம்பேன். அவனக் கேலி பண்ண எனக்கு மட்டுந்தான் பாத்தியம். அவன் மொகத்துல அந்த மூணு மாசம் இருந்த களை நான் அதுக்கு முன்னாலயும் பாக்கல, பின்னாலயும் பாக்கல.

ஐப்பசியில செல்வம் கூப்புட்டான், கார்த்திகை முச்சூடும் கீழ ஐயப்ப பூசைக்கு ரேடியோ செட்டு வேலை இருக்குது, ஆள் பத்தல, வாங்கண்ணான்னு. தைக்கு மேடை ஏத்தறவன் கூப்புட்டா வேண்டாம்ன்னு சொல்ல முடியுமா? போனான். அங்க படுக்கற எடம் தகரக் கொட்டாயி, பூட்டு இல்ல. இவன் ஊட்டுக் கூரை ஒழுகுது. கிடார அதோட பையில போட்டு என்கிட்டக் கொண்டாந்து குடுத்தான். அந்த நீளப் பொட்டி தடத்துல தூக்கறப்பவே கீல் ஒடைஞ்சு போச்சு, அதனால பை.

"அக்கா, இது மரம். ஈரம் பட்டாப் போச்சு. ஈரம் மட்டும் அண்டாமப் பாத்துக்க."

இத்தனதான் சொன்னான். ஈரத்தப் பத்தி எனக்கு யாராச்சும் சொல்லித்தரணுமா? ஐப்பசி கார்த்திகையில எங்கூர்ல மேக மஞ்சு ஊட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும். தீப்பொட்டி பத்தாது. துணி மூணு நாளானாலும் காயாது, நாலாம் நாளு பூஞ்சணம் பூத்துரும். அதுக்குத்தான் அடுப்புக்கு மேல பரணு. சாமை வெதை, கேவுரு வெதை, சோளக்கருது, உப்பு, எல்லாம் பரண்மேல. என்ற பட்டா, ரேசன் கார்டு, என்ற ஊட்டுக்காரன் எடுத்துக் குடுத்த கூறைச் சீலை, அதெல்லாங்கூடப் பரண்மேலதான். எங்கம்மா, அவளுக்கு அம்மா, எல்லாரும் கெட்டுப்போகக் கூடாத சாமானத்த அங்கதான் வெச்சாங்க. ஒண்ணும் கெட்டதில்ல. பொகை பட்டா புழு அண்டாது, ஈரம் அண்டாது.

வெதைக்கு நடுவுல எடம் பண்ணி, சாக்கு விரிச்சு, அத மல்லாக்கக் கெடத்துனேன். அந்த ராசம்மாள் என்ற கையில குடுத்துச் சொன்னாங்களேன்னு தினமும் ரெண்டு கட்டை சேத்தே எரிச்சேன். சோறு வெந்த பின்னாலயும் தீய அணைக்காம உட்டேன். மழை அடிச்ச நாளெல்லாம் ராத்திரி எந்திரிச்சு நெருப்பத் தள்ளி உட்டேன். என்ற ஒடம்புக்குக்கூட அப்படிக் குளிர் காஞ்சதில்ல நானு.

மார்கழி பத்து தேதி வாக்குல வந்தான். பையி கருத்திருந்துச்சு. நானே ஏறி எறக்குனேன், பெருமையா.

"பாருடா, ஒரு சொட்டு ஈரம் இல்ல."

பையத் தொறந்தான். பொகை நாத்தம் குப்புன்னு அடிச்சுச்சு. சாயம் ஒரு பக்கம் கொப்புளிச்சு இருந்துச்சு, அம்மை போட்ட மாதிரி. கம்பி தொங்கிப்போயி ஆடுது. எடுத்து ஒரு கண்ண மூடிக் கழுத்து நெடுகப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்பறம் அடுத்த கண்ண மூடிக்கிட்டுப் பாத்தான்.

"எங்க அக்கா வெச்சிருந்த?"

"பரண்மேலதான். வேற எங்க வெப்பாங்க?"

அவன் பரணப் பாத்தான். அடுப்பப் பாத்தான். அவனும் இந்த ஊட்டுல பொறந்தவந்தானே. "சரி"ன்னான். "சோறு இருந்தாப் போடு"ன்னான். திட்டியிருந்தா நானும் நாலு திட்டியிருப்பேன், ரெண்டு பேருக்கும் ஆறிப்போயிருக்கும். சோத்தத் தின்னுட்டுக் கையக் கழுவிட்டுப் போயிட்டான்.

மறுநா சேலத்துக்குக் கொண்டு போனான். நானும் வாரேன்னு அடம் புடிச்சுப் போனேன். கிடாரு சரி பண்றவரோட கடை ரெண்டாவது மாடியில. அவரு மோந்து பாத்தாரு.

"என்னங்க இது, கருவாடா? பொகை போட்டு வெச்சிருக்கீங்க?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சின்னுசாமி சொன்னான்: "நான்தானுங்க அடுப்புக்கு மேல வெச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

"இத்தன வருசம் வாசிச்சவரு உங்களுக்குத் தெரியாதுங்களா? மரத்துக்கு ஈரம் எவ்வளவு எமனோ சூடும் அவ்வளவு எமன். கழுத்து வளைஞ்சிருந்தாக்கூட நிமுத்திருவேன். இது முறுக்கிக்கிச்சு. ஈரத் துண்டு புழிஞ்ச மாதிரி. இந்த அளவுக்கு வேற கழுத்து கெடைக்காது, செய்யணும். நாலஞ்சு மாசம் ஆகும்."

"எனக்கு தை இருவதுக்கு வேணுமுங்க."

"சட்டம் போட்டு இறுக்கி வெச்சுப் பாக்கறேன். மேல் பாதி தேறாது. கீழ நாலஞ்சு பட்டை தேறுனா உங்க அதிர்ஷ்டம்."

மாடி எறங்கி ரோட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன்: "ஏன்டா என்ற தப்ப உன்ற தலையில போட்டுக்கிட்ட?"

"உன்ன அந்தாளு திட்டறத நான் கேக்கணுமா?"ன்னான். எனக்கு இந்த வயசுல நடுரோட்டுல அழுக வந்துச்சு. வெயில் கண்ணுல படுதுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

பதினஞ்சு நாளு கழிச்சுக் கொண்டாந்தான். வாசிச்சுப் பாத்தான். கீழ ஒண்ணு ரெண்டு எடத்துல பழைய உறுமலு வந்துச்சு. வெரலு மேல போச்சுன்னா கம்பி பித்தளையில அடிச்சு நர்ர்ருங்குது, தகரத்த ரோட்டுல இழுத்த மாதிரி. ராவும் பகலும் உக்காந்து, எந்தப் பாட்டுக்கு எங்க வெரலு வெச்சா நர்ருங்காதுன்னு தேடுனான். தேடித்தேடி வெரலு நுனியெல்லாம் வெடிச்சுப்போச்சு.

நோம்பி வந்துச்சு. மேடை கோயிலுக்கு முன்னால. பொழுது சாஞ்சதும் ஆரம்பிச்சாங்க. சின்னுசாமி வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெ வெச்சு, கிடார மாட்டிக்கிட்டு நிக்கறான். சனம் பாத்துச்சு. "அட, சின்னுசாமிடோய்!"ன்னு எவனோ விசிலடிச்சான். எனக்கு முன்னால எடம் குடுத்தாங்க, நான் போகல. பின்னால, சத்தத்தக் கூட்டிக் கொறைக்கற மேசைக்குப் பக்கத்துல உக்காந்தேன். அங்க சுதாகர்ன்னு ஒருத்தன், நாப்பது வயசிருக்கும், பட்டனத் திருகிக்கிட்டிருந்தான்.

சாமி பாட்டு மொதப் பாட்டு. பாதியில நர்ர்ருன்னுச்சு. பாடற பொண்ணு திரும்பிப் பாத்துச்சு. மறுக்கா நர்ர்ரு. கீபோர்டு வாசிச்ச செல்வம் இந்தப் பக்கம் பாத்து வெரல இப்படிக் குறுக்கால இழுத்துக் காட்டுனான். சுதாகரு மேசைமேல இருந்த ஒரு சின்னக் கட்டைய அடிமட்டத்துக்கு எறக்குனான். ஒரு சின்னப் பச்சை வெளக்கு அணைஞ்சுச்சு.

"என்ன கண்ணு பண்ணுன?"

"அண்ணனோட லைன கட் பண்ணிட்டேனுங்மா. அசிங்கமாக் கேக்குது. கீபோர்டுலயே பேஸு போட்டுக்குவாங்க."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமுங்களா? அவரு காலுக்கு முன்னால ஒரு பொட்டி இருக்குது பாருங்க, அதுல அவரு சத்தம் நின்னுருமே."

பாத்தேன். சின்னுசாமி ஒரு தடவ காலுக்கு முன்னால இருந்த பொட்டியக் குனிஞ்சு பாத்தான். ஒரு தடவ செல்வத்தப் பாத்தான். அப்பறம் நிமுந்து நின்னு வாசிச்சான். பதினாலு பாட்டு. தலைய ஆட்டிக்கிட்டு, காலால தாளம் போட்டுக்கிட்டு, ஒரு எடத்துல சிரிச்சுக்கூட வாசிச்சான். வெரலு ஒரு எடத்துலயும் தப்பல, அது எனக்கே தெரிஞ்சுது. சத்தந்தான் இல்ல.

எவனுக்கும் தெரியல. பேஸுன்னா என்னான்னே தெரியாதவனுக்கு அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கை தட்டுனாங்க. ஊர்க்கவுண்டரு செங்கோடன் மேடையேறி அவனுக்குத் துண்டு போத்துனாரு. "நம்மூரு மண்ணுய்யா, இத்தன வருசம் நமக்குத் தெரியாமப் போச்சு"ன்னு மைக்குல சொன்னாரு. அத்தாயி என்ற கையப் புடிச்சுக்கிட்டு, "என்னமா வாசிக்கறாரு அக்கா உங்க தம்பி!"ங்கறா. நான் கைய உதறிட்டேன். பொறாமைக்காரி, தம்பி மேலயே பொறாமைன்னு அவ நெனச்சிருப்பா.

தடத்துல ரெண்டு பேரும் திரும்பி வாரப்ப, "எனக்குத் தெரியும்டா"ன்னேன்.

"யாருகிட்டயும் சொல்லாத அக்கா."

"நான் எதடா இன்னிக்கி வரைக்கும் சொல்லாம இருந்திருக்கேன்?"

"இதச் சொல்லாத. எனக்காக."

ஒரு வருசம் சொல்லல. என்ற வாயி எனக்கே வேத்து வாயி மாதிரி ஆயிருச்சு. இப்ப அவன் தடத்துல நடந்தா பொடுசுங்ககூட "பேஸு மாமா"ங்குது. டீக்கடையில எந்திரிச்சு எடம் குடுக்கறாங்க. முன்னயெல்லாம் சந்தைக்குப் போனா பேசாமயாச்சும் நிம்மதியா வருவான். இப்ப யாரு கும்புட்டாலும் அடி வாங்குனவனாட்டம் குனிஞ்சுக்கறான். டும்மு டும்மு நின்னுபோச்சு. வேலி மூங்கிலத் தட்டறதும் நின்னுபோச்சு. அதுதான் எனக்குப் பொறுக்கல.

இந்த மார்கழியில கமிட்டிக்காரங்க அஞ்சு பேரு தட்டத்துல வெத்தலபாக்கு வெச்சுக்கிட்டு அவன் ஊட்டு வாசலுக்கு வந்தாங்க. செங்கோடனும் வந்திருந்தாரு. "இந்தத் தைக்கும் நீதானப்பா மேடையில நிக்கணும்"ன்னு தட்டத்த நீட்டுனாங்க. தட்டத்த வாங்கிட்டா எங்கூர்ல வாக்குக் குடுத்த மாதிரி, அப்பறம் மாத்த முடியாது. அவன் கை முன்னால போகாம நிக்குது. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ, நடுவுல பூந்துட்டேன்.

"அன்னிக்கி அதுல சத்தமே வரலடா! நாந்தான் பரண்மேல போட்டு வேக வெச்சேன். அது செத்த கிடாரு. மொதப் பாட்டுலயே லைன அறுத்துட்டாங்க. எந்தம்பி சும்மா நின்னான். போயி வேற ஆளப் பாருங்க!"

அஞ்சு பேரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க.

"பாவாயிக்குக் காது போச்சுடோய்!"

"நாங்க காதாரக் கேட்டமுங்க அம்மாயி. நெஞ்சு அதிருச்சு!"

"தம்பிக்குப் பேரு வந்தா அக்காளுக்குப் பொறுக்கல பாருங்க!"

ஊரே என்ற பேச்சுக்குப் பயப்படும். உண்மையச் சொன்ன அன்னிக்கி ஒருத்தன் நம்பல. நான் சின்னுசாமியத் திரும்பிப் பாத்தேன், நீயாச்சும் சொல்லித்தொலையேன்னு. அவன் என்னப் பாக்கல. ரெண்டு கையும் நீட்டித் தட்டத்த வாங்கிக்கிட்டான். "வாரேனுங்க"ன்னான்.

அவங்க போன பின்னால நான் கத்துனேன். ஏன்டா வாங்குன, உனக்கு மானம் இல்லையான்னேன். அவன் வெத்தலயத் தட்டத்துல ஒண்ணொண்ணா அடுக்கிக்கிட்டே சொன்னான்: "வேற எந்த மேடையில என்ன நிக்க உடுவாங்க அக்கா?"

செல்வத்துகிட்டயும் போன்ல பேசிட்டான். இந்தத் தடவ ஒயரே சொருகறதில்லன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணியிருக்காங்க.

நேத்து செம்மேட்டு பஸ்ஸுல எறங்கி வாரான், கையில ஒரு காகிதக் கவரு. சேலத்துல போயி நாலு புதுக்கம்பி வாங்கியாந்திருக்கான். வாசல்ல உக்காந்து ஒவ்வொண்ணா முறுக்கி மாட்டறான்.

"சத்தம் வராததுக்கு எதுக்குடா புதுக்கம்பி?"ன்னேன்.

"பழசு துரு ஏறிப்போச்சு அக்கா. மேடை வெளிச்சத்துல கருப்பாத் தெரியுது"ன்னு சொல்லிட்டு, துணிய எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சான்.